சகுராவும் ஆயிரமாண்டு மரபும்

மார்ச் இறுதியில் டோக்கியோவின் உவெனோ பூங்காவைக் கண்டு திரும்பும் இந்தியப் பேராசிரியர்கள் பலரும் நிலையாமையைப் போற்றும் ஆயிரமாண்டு மரபைக் கண்டதாகவே எழுதுகின்றனர். அவர்கள் கண்டது பெரும்பாலும் சோமெய் யோஷினோ என்னும் வகை. எடோ காலத்தின் பிற்பகுதியில் தோன்றி, மெய்ஜி ஆட்சியில் நாடெங்கும் நடப்பட்டது. ஒட்டுக்கட்டியே பெருக்கப்படுவதால் எல்லாம் ஒரே மரத்தின் நகல்கள். ஊர் முழுதும் ஒருசேரப் பூப்பதும் அதனாலேயே. பழங்கவிஞர் எவரும் இம்மரத்தைக் கண்டதில்லை. எட்டாம் நூற்றாண்டின் மன்யோஷூ தொகுப்பிலோ சகுராவைவிடப் பிளம் மலருக்கே பாடல்கள் மிகுதி.

'ஹனமி' மொழிபெயர்க்கவியலாச் சொல்லாம்! ஹன என்பது பூ, மி என்பது காணல், பூக்காணல், அவ்வளவே. நீல விரிப்பில் அமர்ந்து பீர் அருந்தும் அலுவலகக் கூட்டத்துக்கு இந்த மர்மம் தேவைப்படுவதில்லை.

மர்மம் மறைப்பது அரசியலை. உதிரும் பூவைப் பேரரசருக்காக மடியும் வீரனாக்கியது நவீன அரசு. 1945-இல் தற்கொலைத் தாக்குதலுக்கு ஏவப்பட்ட விமானத்துக்கு ஓக்கா, அதாவது சகுராப்பூ, என்றே பெயர். சியோலின் சாங்யோங் அரண்மனையை விலங்குக்காட்சிச் சாலையாக்கிச் சகுரா நட்டது ஜப்பானிய ஆதிக்கம். கொரியர்கள் 1980களில் அம்மரங்களை அகற்றினர். டோக்கியோவில் பூப்பருவம் தொடங்கிவிட்டதென வானிலைத் துறை அறிவிப்பதோ, போரில் மாண்ட படையினரைத் தெய்வமாக வணங்கும் யாசுகுனி ஆலயத்து மரத்தைப் பார்த்து.