பாலைக்கு மணல் கொட்டியவர் யார்?

அவலூர்பேட்டையில் ஒரு மல்லாட்டைக் கொல்லையின் வரப்போரம், முழ ஆழத்தில், ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட ஓர் ஓணான் புதைக்கப்பட்டிருக்கிறது. செஞ்சிக் கோட்டையைக் காண வருகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. நாம் போனோம். அந்தச் சாவில் நமக்கும் பங்குண்டு என்பதை அதை வளர்த்த மாணவன் வாயாலேயே கேட்க நேர்ந்தது.

"பாலைன்னா மணலும் மணல் சார்ந்த இடமும்னு நீங்கதான ஐயா நடத்தினீங்க? இது பாலைவனத்துப் பிராணி. அதான் மணல் போட்டேன்."

குற்றஞ்சாட்டும் தொனி அதில் இல்லை. அதுதான் உறுத்தியது. ஆம், நடத்தினோம். முதலாமாண்டு மாணவர்களுக்கு ஐந்திணைக் கட்டம் போட்டு, ஐந்தாவது கட்டத்தில் அந்த வாய்ப்பாட்டை எழுதி, அடியில் கோடும் இழுத்தோம். இருபது ஆண்டுகளாக.

பிராணியைப் பற்றி அறியாதவர்களுக்கு: சந்தையில் 'பியர்டட் டிராகன்' என்பார்கள். நம் வேலி ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சினந்தால் கழுத்தடி முள் மடிப்பு விரிந்து தாடிபோல் கறுக்கும், அதனால் அந்தப் பெயர். வாலோடு சேர்த்து ஒன்றரை முதல் இரண்டடி நீளம் வளரும். சாது. தோளில் உட்கார்ந்து ஊர் பார்க்கும். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதையை இன்று காசு கொடுத்தே நடத்திக்கொள்ளலாம்.

சென்னையில் ஒரு கடையில் வாங்கியிருக்கிறான். கண்ணாடித் தொட்டி, நாற்பது வாட் குண்டு பல்பு, 'கால்சியம் மணல்' என்று அச்சிட்ட இரண்டு பைகள். தின்றாலும் சுண்ணாம்புச் சத்துதான், நல்லது என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். பை தீர்ந்ததும் வீடு கட்டி மிஞ்சிய எம்-சாண்டை அலசிப் பரப்பினான். கருங்கல்லை உடைத்துச் செய்த அந்தத் துகள், ஆற்று மணலைப்போல உருண்டு தேய்ந்ததன்று. கூரான விளிம்புகள் கொண்டது. சில வாரங்களில் பிராணி இரை எடுக்கவில்லை, கழியவில்லை, பின்னங்காலை இழுத்து நடந்தது. உள்ளூரில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் பார்க்கிற மருத்துவர், பாவம், என்ன செய்வார்? சென்னைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தபோது வயிற்றில் வெள்ளை வெளேரென்று ஒரு கட்டி. இரண்டாம் நாள் முடிந்துவிட்டது.

இனி வழக்குக்கு வருவோம். 'மணலும் மணல் சார்ந்த இடமும் பாலை' என்று சொன்னவர் யார்? தொல்காப்பியரா? அவர் காட்டுக்கும் மலைக்கும் வயலுக்கும் கடற்கரைக்கும் தெய்வம் வகுத்தார். பாலைக்கு நிலமே வகுக்கவில்லை. இளங்கோவடிகளா? முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே பாலை என்பது சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதை. அதாவது வறண்ட காடு, காய்ந்த குன்று, வெடித்த தரை, கள்ளி. சங்கச் செய்யுட்களில் மணல் எங்கே கிடக்கிறது? பெரிதும் நெய்தலில், நண்டு ஓடும் கரையில். சிறுமியர் சிற்றில் இழைக்கும் ஆற்றோரத்தில். அங்கே கிடந்ததை அள்ளிவந்து பாலையில் கொட்டியது வினா-விடை நூல்களும், அவற்றை நம்பிய நம்மைப் போன்ற ஆசிரியர்களும்தாம். அரேபியப் பாலைவனத்தின் படத்தைப் பார்த்துவிட்டுத் தமிழ்ப் பாலைக்கு உரை எழுதிய கொடுமை இது.

ஓணானுக்கே சான்று வேண்டுமா? குறுந்தொகையின் 140ஆம் பாட்டைத் திறக்கலாம். அள்ளூர் நன்முல்லையார் பாடியது. அரத்தின் பற்களைப் போன்ற முதுகுடைய முதிய ஆண் ஓந்தி, வழிப்போக்கர் சகுனம் பார்க்கும்படி சுரத்து வழியில் தங்கியிருக்கும். பாலைத்திணைப் பாட்டு, அந்த முதுகைப் பார்த்த கண் ஊர்வனவற்றை நன்கு பார்த்த கண். அந்தக் காட்சியில் மணல் இல்லை.

தாடி ஓணானின் சொந்த ஊரிலும் கதை ஏறக்குறைய இதுதான். ஆஸ்திரேலிய உள்நாட்டின் அரை வறட்சிக் காடு, புதர், பாறைச் சரிவு அதன் இடம். மரத்திலும் வேலிக் கம்பத்திலும் ஏறி வெயில் காயும். செம்மணல் பரப்புகளிலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் அது மிதிப்பது வெயிலில் இறுகிய களியும் மண்ணும் கலந்த கெட்டித் தரை. காலடியில் சரியும் துகள் அன்று.

(நம் பக்கத்துக் கருங்கற் குன்றுகளில், செஞ்சி மலைகளைப் போன்ற இடங்களில், இனப்பெருக்கக் காலத்தில் சிவப்பும் கறுப்புமாய் மின்னுகிற பாறை ஓணானைப் பார்த்திருப்பீர்கள். அறிவியலார் அந்தப் பேரினத்துக்கு இட்ட பெயர் 'சம்மோபிலஸ்'. கிரேக்கத்தில் மணல் விரும்பி! வாழ்வது பாறையில். மணல் மயக்கம் நமக்கு மட்டுமன்று என்பதில் ஓர் அற்ப ஆறுதல்.)

மணல் மட்டுமா கொன்றது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சூடு, வெளிச்சம், நீர் மூன்றும் சரியாக இருக்கும் வளர்ந்த பிராணி, இரையோடு போகும் சிறிது மணலைக் கழித்துவிடும். அவன் தொட்டியில் மூன்றும் பிழை. வெயில் காயும் இடத்தில் நாற்பது டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும்; இல்லையேல் செரிமானம் மந்தமாகும். புற ஊதா விளக்கு வேண்டும். இல்லையேல் உடல் வைட்டமின் டி உண்டாக்காது, தின்ற சுண்ணாம்பும் ஒட்டாது, எலும்பு வளையும். சுண்ணாம்புக்கு ஏங்கும் பிராணி எதை நக்கும்? காலடியில் கொட்டிய கால்சியம் மணலை. அது ஈரம் பட்டால் கட்டிபடும். இரைப்பை அமிலத்தையும் மட்டுப்படுத்தும். நோயையும் அந்த நோய் தேடும் நஞ்சையும் ஒரே தொட்டியில் வைத்துவிட்டு, பையில் 'இயற்கையானது' என்று அச்சிடுவது வணிகம். இயற்கை என்ற சொல்லை இவ்வளவு மலிவாக நம் புதுக்கவிஞர்கள்கூடப் புழங்கியதில்லை.

அப்படியானால் என்ன விரிப்பது? கேட்டால் சிரிப்பு வரும்: நாளிதழ். குஞ்சுக்கும் நோயாளிக்கும் அதைவிட நல்ல தரை இல்லை. கழிவு உடனே தெரியும், சுருட்டி எறியலாம், விழுங்க ஒன்றும் இல்லை. வளர்ந்ததற்குச் சொரசொரப்பான தரை ஓடு, அல்லது கடப்பாக் கல். கல் சூட்டைப் பிடித்து வைக்கும், நகமும் தேயும். வழவழப்பான பளிங்கு ஓடு ஆகாது, கால் வழுக்கும். மரத்தூள், உடைத்த கொட்டை ஓடு இரண்டும் வேண்டவே வேண்டாம். தேங்காய் நார்த்தூள் ஈரம் பிடித்துப் பூஞ்சை கட்டும், காய்ந்தால் தூசி பறக்கும். அனுபவசாலிகள் மண்ணும் களியும் நனைத்து அறைந்து, இறுகக் காயவிட்டுத் தரை போடுகிறார்கள். நம் பாட்டிமார் களத்தைச் சாணமிட்டு மெழுகுவதற்கு முன் செய்த வேலைதான் அது. உண்மையான பாலைக்கு மிக அருகில் வருவதும் அதுவே. எந்தத் தரையானாலும் புழுவையும் பூச்சியையும் கிண்ணத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு தரப்பு உண்டு: இதை வாங்குவதே தவறு, தரையைப் பற்றி என்ன பேச்சு என்பார்கள். முதற்பாதி நமக்கும் உடன்பாடு. ஆஸ்திரேலியா தன் ஊர்வனவற்றை வணிகத்துக்காக உயிரோடு ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் அயல்நாட்டு ஊர்வன அடைபட்டு வந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் செய்திகளையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். கடையில் நிற்கும் குஞ்சு எந்த வழியாக வந்தது என்று வாங்குகிறவன் கேட்பதில்லை, விற்கிறவர் சொல்வதில்லை. ஆனால் வந்துவிட்ட உயிரை என்ன செய்வது? மலையில் விட்டால் நம் பாறை ஓணானுக்கும் கேடு, அதற்கும் கேடு. கொள்கை பேசுகிறவர்கள் அந்த உயிர் நின்றுகொண்டிருக்கும் தரையைக் குனிந்து பார்ப்பது கொள்கைக்கு இழுக்கன்று.

மாணவனிடம் இதையெல்லாம் சொன்னோம். காடுகாண் காதையையும் குறுந்தொகையையும் திண்ணையில் உட்கார்ந்து பிரித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டான். வாசலில் அந்தத் தொட்டி, மணலோடு அப்படியே இருந்தது. "அப்போ தேர்வுல என்ன ஐயா எழுதறது?" என்றான். நமக்கு உடனே பதில் வரவில்லை.

இன்னொன்று வாங்காதே என்றோம். சரி என்றான், வாங்குவான் என்றே தோன்றுகிறது. அதனால் புறப்படும் முன் தொட்டியை அளந்து, கடப்பாக் கல்லுக்கு அது போதாது, நான்கடிக்கு இரண்டடித் தொட்டி வேண்டும் என்று அவன் நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.