இணையவழிக் கல்வியும் வீட்டு உலாவியும்

கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட், திருவனந்தபுரத்துப் பூஜப்புரையில் இயங்கி வருகிறது. கரமனை ஆற்றை ஒட்டிய பழைய தெருக்கள் அங்கிருந்து சிறிது தூரமே. கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடிக் கிடந்த 2020ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி, இந்நிறுவனம் 'பர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் விக்டர்ஸ் தொலைக்காட்சி வாயிலாகப் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கிற்று. விக்டர்ஸ் புதிதாகத் தோன்றியதன்று. 2004 செப்டம்பரில் விண்ணில் ஏவப்பட்ட எடுசாட் செயற்கைக் கோளின் துணைகொண்டு அமைக்கப்பட்டு, 2005 ஜூலை 28 அன்று குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களால் துவக்கி வைக்கப்பட்டது அது.

தொலைக்காட்சிப் பாடத்திற்கு வீட்டார் செய்ய வேண்டியது ஒன்றே. பெட்டியின் விசையைத் திருப்பினால் போதும். அந்த வசதியும் இல்லாத மாணவர் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர் என அப்போது கணக்கிடப்பட்டு, அவர்களுக்கெனப் பொது இடங்களில் ஏற்பாடுகள் செய்யப்பட்டன. அடுத்த ஆண்டு ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர் உரையாடும் வகுப்புகள் இணையத்தின் வழியே தொடங்கியபோது நிலைமை வேறாயிற்று. பாடம் வீட்டிற்குள் வந்ததோடு, வீட்டின் ஒலியும் உருவமும் வெளியே செல்லலாயின. இவ்விரு போக்கும் நடைபெறும் வாயில் உலாவி என்னும் மென்பொருள். அதனைச் செவ்வனே அமைத்துக் கொடுக்கும் வேலையை எவரும் தமதெனக் கொள்ளவில்லை என்பதே இங்குக் கவனிக்க வேண்டிய குறை.

கருவியும் இணைப்பும் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. இணைய வசதியைப் பெறுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி எனக் கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. உரிமை என்று ஆனபின், கம்பி வீட்டு வாசலை எட்டியதோடு அது நிறைவேறிவிட்டதாகக் கொள்வதற்கில்லை. அந்தக் கம்பியின் முனையில் பிள்ளை வகுப்பைக் கண்டதா என்பதே கேள்வி.

கரமனையின் அக்கிரகாரத் தெருக்களில் வீட்டு மொழி தமிழ். பள்ளி மொழி பெரும்பாலும் மலையாளம் அல்லது ஆங்கிலம். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பிள்ளையின் அருகே அமர்பவர் பாட்டியோ தாத்தாவோ ஆவர். வகுப்பைத் திறந்தவுடன் உலாவி ஆங்கிலத்தில் ஒரு வினாவை எழுப்புகிறது: இத்தளம் காமிராவையும் மைக்கையும் பயன்படுத்தலாமா? பொருள் விளங்காத முதியவர் அஞ்சி மறுப்பை அழுத்துகிறார். முன்பின் தெரியாத ஒன்றை மறுப்பது விவேகமுள்ள செயலே. அவர்மீது பிழை இல்லை. ஆனால் குரோம் போன்ற உலாவிகள் அம்மறுப்பை நினைவில் வைத்துக் கொள்கின்றன. மறுநாள் அவ்வினா மீண்டும் தோன்றுவதில்லை. பிள்ளை பேசுகிறது, ஆசிரியருக்குக் கேட்பதில்லை. கணிப்பொறி பழுதென்று கடைக்குத் தூக்கிச் செல்லப்படுகிறது. உண்மையில் முகவரிப் பட்டையின் இடப்புறமுள்ள சிறு குறியை அழுத்தி, அத்தளத்திற்குரிய அனுமதியை மாற்றினால் போதும்.

அதன் பின்னும் ஒலி எழாவிடில், விண்டோஸின் அந்தரங்க அமைப்புகளில் காமிராவும் மைக்கும் ஒட்டுமொத்தமாக அடைக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். உலாவி இசைந்தாலும் இயக்க முறைமை இசையாவிடில் பயனில்லை. வேறொரு மென்பொருள் காமிராவைப் பிடித்துக் கொண்டிருப்பதும் உண்டு.

இதற்கு எளிய பரிகாரமும் உளது. குரோமின் பட்டிகளையும் வினாக்களையும் தமிழிலோ மலையாளத்திலோ தோன்றும்படி அமைக்கலாம். பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியும் என்ற காரணத்தால் இதனை ஒதுக்குவது தவறு. வினாவுக்கு விடையளிப்பவர் எம்மொழியில் படிப்பாரோ அம்மொழியிலேயே வினா இருத்தல் வேண்டும்.

பழைய கணிப்பொறிகளில் இன்னொரு விசித்திரமான இடையூறு நேரும். மின்சாரம் இல்லாத வேளையிலும் நேரத்தைக் காத்து வருவது உள்ளே பொருத்தப்பட்ட நாணய வடிவிலான ஒரு சிறு மின்கலம். சில ஆண்டுகளில் அது ஓய்ந்து போகும். பிறகு ஒவ்வொரு முறை இயந்திரத்தை இயக்கும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னே சென்றுவிடும். பாதுகாப்பான தளங்கள் ஒவ்வொன்றும், குறிப்பிட்ட காலத்திற்கு மட்டுமே செல்லத்தக்க ஒரு சான்றிதழைத் தாங்கி நிற்கின்றன. தேதி தவறிய கணிப்பொறிக்கு அச்சான்றிதழ் இன்னும் பிறவாததாகத் தோன்றும்; உடனே அபாய எச்சரிக்கையைக் காட்டி அது வழியை அடைத்துவிடும். எச்சரிக்கையை மீறி உள்ளே செல்லும்படி பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்போரும் உளர். அது கேடான போதனை; உண்மையான அபாயம் வரும்போதும் பிள்ளை அவ்வாறே செய்யும். தேதியைத் திருத்துவதும், சொற்ப விலையுள்ள மின்கலத்தை மாற்றுவதுமே முறை.

பழமையைக் குறித்து மற்றொன்று. விண்டோஸ் 7க்குப் புதிய குரோம் பதிப்புகள் வருவது 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுவிட்டது. விண்டோஸ் 10க்கான பொதுப் பராமரிப்பும் 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. இதனைக் கேட்ட மாத்திரத்தில் புதிய கணிப்பொறி வாங்கும்படி பெற்றோருக்குச் சொல்வது பொறுப்பான ஆலோசனை ஆகாது. பள்ளிகளுக்கென கைட் தயாரித்தளிக்கும் லினக்ஸ் இயக்க முறைமை விலையின்றிக் கிடைக்கிறது. பழைய இயந்திரங்கள் பலவற்றில் அதனை நிறுவ இயலும். பள்ளியில் பிள்ளை பழகியதும் வீட்டில் காண்பதும் அப்போது ஒன்றாகவே அமையும். ஆனால் நினைவகம் மிகக் குறைந்த இயந்திரங்களில் எவ்வித முறைமையும் காணொலி வகுப்பைத் தாங்காது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுதல் நலம்.

இதுவரை கூறியவை வாயிலைத் திறப்பது பற்றியவை. அதனை எவ்வளவு திறப்பது என்பதில்தான் கருத்து வேற்றுமை எழுகிறது. வகுப்பு தடையின்றி நடக்க வேண்டுமென்ற அவசரத்தில், எத்தளம் கேட்டாலும் அனுமதி கொடுக்கும்படி மொத்தமாக அமைத்துவிடும் வழக்கம் பரவியுள்ளது. பள்ளி கூறும் தளத்திற்கு மட்டும் அனுமதி தருவதே முறை. அறிவிப்புகள் அனுப்ப இசைவு கேட்கும் தளங்களை மறுத்துவிடலாம். பாடத்தின் நடுவே துள்ளி வரும் விளம்பரங்களுக்கு அவையே பெரும்பாலும் மூலம். பயனறியாத நீட்சிகளையும் நீக்கிவிடுவது நன்று. அவற்றுள் சில, திறக்கப்படும் பக்கம் அனைத்தையும் படிக்கும் அதிகாரம் பெற்றவை.

குடும்பத்திற்கு ஒரே கணிப்பொறி இருப்பின், பிள்ளைக்கெனத் தனிப் பயனர் கணக்கு அவசியம். தாயார் வங்கிக் காரியம் பார்க்கும் அதே உலாவியில், கடவுச் சொற்கள் சேமிக்கப்பட்ட நிலையில், ஒன்பது வயதுப் பிள்ளை படம் தேடுவது சரியன்று. உலாவிக்குள்ளேயே தனித்தனி விவரத் தொகுப்புகள் அமைக்கலாமாயினும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தாவிவிடலாம். ஆகவே இயக்க முறைமையிலேயே கணக்கைப் பிரித்தல் மேல். துப்புரவு செய்வதாகக் கூறும் மென்பொருள்கள் தினந்தோறும் குக்கிகளை அழித்துப் பிள்ளையைக் காலையில் வகுப்பு வாசலில் நிறுத்தி வைப்பதும் உண்டு. அவற்றை நீக்கிவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

இவ்வளவு எச்சரிக்கை தேவையா என்று வினவுவோர், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2022 மே மாதத்தில் வெளியிட்ட ஆய்வைக் காணலாம். தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த 160க்கு மேற்பட்ட கல்விச் சாதனங்களை அது சோதித்தது. பத்தில் ஏறக்குறைய ஒன்பது, பிள்ளைகளின் உரிமைக்கு ஊறு செய்யத்தக்க வகையில் அவர்களைப் பற்றிய தகவல்களைக் கையாண்டன. இந்தியாவில் 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பதினெட்டு வயது நிரம்பாதோரின் தகவல்களைக் கையாளுமுன் பெற்றோரின் இசைவு சரிபார்க்கத்தக்க முறையில் பெறப்பட வேண்டும் என விதிக்கிறது. விளங்காத மொழியில் வந்த வினாவுக்கு அவசரத்தில் அழுத்திய விடையை இசைவென்று எங்ஙனம் கொள்வது?

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே சுமை மிகுதி என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஒவ்வொரு வீட்டிற்கும் ஆசிரியர் செல்ல வேண்டும் என்பது கோரிக்கையன்று. 2018 முதல் கேரளப் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் குழுக்கள் இயங்கி வருகின்றன. உறுப்பினர்கள் கணிப்பொறிப் பயிற்சி பெற்ற உயர்நிலை வகுப்பு மாணவர்கள். தங்கள் தெருவிலுள்ள நான்கைந்து வீடுகளை ஒருவருக்கு ஒதுக்கினால், ஒரு வீட்டிற்கு அரைமணி நேரம் போதும். அவர்கள் கடவுச் சொற்களைக் கேட்கலாகாது. வீட்டுப் பெரியவர் அருகில் இருக்கும்போதே வேலை நடைபெற வேண்டும். களப் பணியாளர்கள் அதனை மேற்பார்வை செய்யலாம். கைபேசியில் வகுப்புக் காணும் பிள்ளைகளே எண்ணிக்கையில் மிகுதி என்பதால், அனுமதிகளைச் சரிபார்க்கும் வேலை கைபேசிக்கும் பொருந்தும்.

பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்று மீண்டும் திறந்தபின் இவையெல்லாம் பழங்கதை என எண்ணியோர் பலர். 2022 ஜனவரியில் கீழ் வகுப்புகள் மறுபடியும் வீட்டிற்குத் திரும்பின. 2023 செப்டம்பரில் நிப்பா நோய் கண்டபோது கோழிக்கோட்டில் பாடங்கள் இணையத்தின் வழியே நடைபெற்றன. இரு தடவையும் சில தினங்களுக்குள் மாற்றம் வந்தது. அந்த அவகாசத்தில் வீடு வீடாகச் சென்று உலாவியைச் சரிபார்க்க இயலாது. ஜூன் மாதத்துச் சேர்க்கையின்போது பெற்றோரிடம் தரப்படும் தாள்களோடு, பள்ளி பயன்படுத்தும் தளத்தின் முகவரி, அதற்கு அளிக்க வேண்டிய அனுமதிகள், மறுக்க வேண்டியவை ஆகியவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பக்கத்தில் அச்சிட்டுச் சேர்த்துவிடலாம். அடுத்த வாரம் ஒரு மாலையில் கால்மணி நேரம் சோதனை வகுப்பு நடத்தினால், எவ்வீட்டில் ஒலி எழவில்லை என்பது ஆசிரியருக்கு அன்றே தெரிந்துவிடும்.