‘வயசாச்சு’ என்பது நோயின் பெயர் அல்ல

போன மார்கழியில் ஒரு நாள். விடியற்காலை ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. அதை நிறுத்துவதற்காகப் படுத்தபடியே வலப்பக்கம் திரும்பினேன். ஓடாத மின்விசிறி சுற்றியது. அதோடு அலமாரி, சன்னல், சுவரில் மாட்டியிருந்த கருணாம்பிகை அம்மன் படம் எல்லாம் சேர்ந்து சுற்றின. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிடம்கூட இருக்காது, நின்றுவிட்டது. எழுந்து உட்கார்ந்ததும் வாந்தி.

“பித்தம் தலைக்கேறிடுச்சுங்க. நேத்து அந்த பஜ்ஜி வேண்டாம்னு சொன்னனில்லீங்க” என்றார் என் வீட்டம்மா. எலுமிச்சம்பழச் சாறு வந்தது. எதிர்வீட்டுக்காரர், “பிரசராத்தான் இருக்குமுங்க சார்” என்றார். மருந்துக்கடையில் “தலைசுத்தலுக்கு” என்று கேட்டதும், ஒரு கேள்வியும் இல்லாமல் ஓர் அட்டை மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தார்கள். கடைசியாக ஒரு டாக்டரிடம் போனேன். சீட்டில் என் வயதைப் பார்த்தார். “எழுபத்தி நாலு ஆச்சில்லைங்க, அப்படித்தான் இருக்கும்” என்றார். அதே மாத்திரையை இரண்டு மாதத்துக்கு எழுதினார்.

பித்தம், பிரசர், வயசு என்று மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள். எந்தப் பக்கம் திரும்பினீர்கள், எவ்வளவு நேரம் இருந்தது, காது இரைந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. முப்பத்தாறு வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். தபாலைப் பிரித்துப் படிக்காமல் ஏதோ ஒரு பிரிவுக்குத் தள்ளிவிட்டால் அந்தக் கோப்பு என்ன கதி ஆகும் என்று எனக்குத் தெரியும். என் தலையும் அந்தக் கதிக்கு வந்தது.

அந்த இரண்டு மாதம் நான் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்று தலையணை வைத்து, மல்லாந்தே தூங்கினேன். வலப்பக்கம் திரும்பவே பயம். கோயிலுக்குப் போவது நின்றது. மகனிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் முதல் வேலையாக வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்வான் என்று தெரியும். இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் இப்படி ஏதோ ஒன்றை மறைத்து வைத்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

பாண்டிச்சேரியில் எனக்குப் பாடம் நடந்தது பிரெஞ்சில். அந்த மொழியிலும் ‘தலை சுற்றுகிறது’ என்றுதான் சொல்வார்கள், நம்மைப் போலவே. ஆனால் சுற்றலுக்குக் காரணம் பெரும்பாலும் தலைக்குள் இருக்கும் மூளை அல்ல, காது. இதை அழுத்திச் சொன்னவர் ஒரு பிரெஞ்சுக்காரர். ப்ரோஸ்பெர் மெனியேர் என்று பெயர். பாரிசில் காது கேளாதோர் பள்ளியின் மருத்துவராக இருந்தவர். அந்தக் காலத்தில் திடீரென்று தலை சுற்றி விழுந்தவருக்கு மூளையில் ரத்தம் கட்டிக்கொண்டது என்று முடிவு கட்டி, அட்டை விட்டும் நரம்பைக் கீறியும் ரத்தத்தை எடுப்பார்கள். 1861 ஜனவரியில் மெனியேர் மருத்துவப் பேரவையில் எழுந்து, இவர்களில் பலருக்குக் கோளாறு உட்காதில்தான் என்று கட்டுரை வாசித்தார். பெரியவர்கள் எளிதில் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். இன்று அவர் பெயரிலேயே ஒரு காது நோய் இருக்கிறது.

அவருக்கும் முன்னால், 1820களிலேயே, ஃப்ளூரான்ஸ் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் புறாக்களின் உட்காதில் உள்ள அரைவட்டக் குழாய்களை அறுத்துப் பார்த்தார். புறாவுக்குக் காது கேட்டது, ஆனால் நிலைகொள்ளாமல் சுழன்றது. ஆக இருநூறு வருடத்துப் பழைய செய்தி இது. நம் ஊர் மருந்துக்கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

எனக்கு வந்தது மெனியேர் சொன்ன நோயும் அல்ல, அதைவிட எளிய ஒன்று. வயதானவர்களுக்கு வரும் சுழற்சியில் மிகச் சாதாரணமானது இதுதான். நம் உட்காதில் ஒரு சிறு பையில் மிக நுண்ணிய கற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கால்சியம் கார்பனேட், அதாவது நம் சுண்ணாம்புக்கல்லின் இனம். வயதாக ஆக, அல்லது தலையில் அடிபட்டால், அவை உதிர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய் விழும். படுக்கும்போதும், புரளும்போதும், அண்ணாந்து பரண்மேல் சாமான் எடுக்கும்போதும் அந்தத் தூள் உருளும். உடனே உடம்பு சுற்றுவதாகக் காது மூளைக்குப் பொய்த்தந்தி அடிக்கும். தூள் அடங்கியதும் சுற்றலும் அடங்கும். அதனால்தான் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது.

கண்டுபிடிப்பதற்கு ஸ்கேன் வேண்டியதில்லை, ஒரு கட்டில் போதும். 1952-ல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் சொன்ன முறை. தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்து, கண்மணி துடிக்கிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான். வைத்தியமும் கட்டிலிலேயே. பிரான்சில் அலன் செமோன் என்ற இயன்முறை மருத்துவர் 1988-ல் ஒரு முறையை வெளியிட்டார். அமெரிக்காவில் எப்ளி என்பவர் சொன்னதை சக மருத்துவர்கள் முதலில் நம்பவே இல்லை, 1992-ல் அவர் கட்டுரை வந்த பிறகுதான் அது பரவியது. தலையைப் படிப்படியாகத் திருப்பி, உருண்டு போன தூளை வந்த வழியே பைக்குத் திருப்பி அனுப்புவதுதான் இவற்றின் சூட்சுமம்.

என் மருமகள் எப்படியோ விஷயத்தைக் கண்டுபிடித்து, “மாமா, காது டாக்டர்கிட்ட ஒருக்கா போலாமுங்க” என்று கோயமுத்தூருக்கு அழைத்துப் போனாள். அந்த மருத்துவர் என்னைப் படுக்கவைத்தார். சுற்றியது. “வலது காது” என்றார். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். மொத்தம் ஐந்து நிமிடம். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை செய்தார். அன்று இரவு வலப்பக்கம் திரும்பிப் படுத்தேன். மின்விசிறி சும்மா இருந்தது.

சந்தோஷப்படுவதற்குப் பதில் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னோடு காலையில் தேர்வீதியில் நடக்க வருகிற நண்பர் ஒருவர். அவருக்கும் இதே சுற்றல், அவருக்கும் இதே ‘வயசாச்சு’. ஒரு நாள் விடிகாலை படுக்கையிலிருந்து எழுந்து குளியலறைக்குப் போனவர் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை, வாக்கர், இப்போது வீட்டோடு சரி. அவரை ஒரு தடவை யாராவது கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்திருந்தால்? அவருக்கும் கல்தான் உதிர்ந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. பார்க்கவே இல்லையே என்பதுதான் என் வழக்கு.

“தானா சரியாப் போகுமுங்க” என்பார்கள். பலருக்குச் சரியாகும், உண்மைதான். சில வாரம் ஆகும். அந்தச் சில வாரத்தில் ஒரு தடவை விழுந்தால் போதாதா? “மாத்திரை கேட்குதே” என்பார்கள். மாத்திரை குமட்டலை அடக்கும், கல்லை எடுக்காது. அதிலும் ப்ரோகுளோர்பெரசின், சின்னாரிசின் போன்றவற்றை வயதானவர்கள் மாதக்கணக்கில் விழுங்கினால் கைநடுக்கமும் நடை தளர்ச்சியும் வரலாம். அதற்கும் ‘வயசாச்சு’ என்றுதான் சொல்வார்கள்! நாடி பார்த்து, நாலு கேள்வி கேட்டு மருந்து தரும் சித்த வைத்தியரோடு எனக்குச் சண்டை இல்லை. கேள்வியே கேட்காமல் பித்தம் என்பவரோடுதான் சண்டை, அவர் சட்டைப்பையில் ஸ்டெதஸ்கோப் இருந்தாலும் சரி.

அதே சமயம் எல்லாச் சுற்றலும் காது அல்ல. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுற்றலோடு வாய் கோணினால், பேச்சுக் குழறினால், பொருள் இரண்டாகத் தெரிந்தால், ஒரு கை கால் மரத்தால், நிற்கவே முடியாமல் சாய்ந்தால், இதுவரை வராத கடும் தலைவலி வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். எலுமிச்சம்பழத்தைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டிக்கொண்டு வந்தால் அது வேறு. நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறது. பிரசர் மாத்திரையோ புராஸ்டேட் மாத்திரையோகூடக் காரணமாக இருக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021-லிருந்து வீட்டு வாசலுக்கே வருகிறது, நல்ல திட்டம். வரும் பெண்கள் நம்மை உட்காரவைத்துப் பிரசர் பார்க்கிறார்கள். “அம்மணி, நிக்க வெச்சும் ஒருக்கா பாரு” என்று கேளுங்கள். நின்று மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு இருபதோ அதற்கு மேலோ குறைந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அரசுக்கு என் மனு ஒரே வரி. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்தக் கட்டில் பரிசோதனையைச் செய்யத் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். கட்டில் ஏற்கனவே அங்கே இருக்கிறது.

நமக்கும் ஒரு வேலை உண்டு. “ஒரு மாதிரியா இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு வராதீர்கள். என்ன செய்யும்போது வந்தது, எத்தனை நேரம் இருந்தது, காதில் இரைச்சலோ மந்தமோ உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். கழுத்து வலி இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். யூடியூபைப் பார்த்து நீங்களாகத் தலையைத் திருப்ப வேண்டாம். எந்தக் காது என்று தெரியாமல் திருப்பிப் பயனில்லை.

அதற்குப் பிறகும் “வயசாச்சுங்க” என்றால், “வயசு எனக்கும் தெரியுமுங்க. நோவோட பேர் என்னங்க?” என்று திருப்பிக் கேளுங்கள். நான் இப்போது அப்படித்தான் கேட்கிறேன்.