ஜீப்பின் உயரமும் ஸ்டியரிங்கின் உறுதியும்

நமது சங்கத்தின் மலைத்தோட்டக் கிளை அங்கத்தினர்கள் நிர்வாகக் குழுவுக்கு ஒரு மனு அனுப்பியிருக்கிறார்கள். கொல்லிமலையின் உட்கிராமங்களிலிருந்து மிளகும் அன்னாசியும் பலாவும் ஏற்றிவரும் சங்கத்தின் பழைய ஜீப், பாதையிலுள்ள கற்களில் அடிபடுகிறது. ஆகையால் அதை 4 அங்குலம் உயர்த்திப் பெரிய டயர்களும் மாட்டித் தரவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அடுத்த பொதுக்கூட்டத்தில் இது ஆலோசனைக்கு வரவிருப்பதால், நமது அபிப்பிராயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது கடமை என்று கருதுகிறோம்.

கோரிக்கையில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. செம்மேட்டைத் தாண்டி உள்ளே செல்லும் மண்பாதைகள் ஒரு மழைக்குப் பிறகு எந்த நிலையில் இருக்கும் என்பதை நடந்து பார்த்தவர்கள் அறிவார்கள். அறுத்த பழம் பாதை காயும்வரை காத்திராது. நோயாளியும் காத்திருக்க முடியாது. ஆனால் வண்டியை உயர்த்துவதால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைத் தெளிவாக அறிந்த பின்னரே சங்கத்தின் பணத்தைச் செலவிட வேண்டும்.

முதலாவதாக, கல்லில் அடிபடுவது எது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அடிபடுவது சக்கர அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் பெட்டியே. ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி வண்டியை உயர்த்தினால் சேஸிஸ் உயரும், உடல் உயரும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். டயரின் விட்டத்தைக் கூட்டினால்தான் அச்சு உயரும். அதுவும் கூட்டியதில் பாதியளவே. 2 அங்குலம் பெரிய டயர் மாட்டினால் டிஃபரன்ஷியலுக்குக் கிடைப்பது 1 அங்குலம். பார்வைக்கு வண்டி யானைபோல் நிமிர்ந்து நிற்கும். கல் மட்டும் பழைய இடத்திலேயே அடிக்கும்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியமானது. நமது நெசவாளர்களுக்கு இதை விளக்குவது எளிது. தறியில் விழுதை உயர்த்திக் கட்டியவர், மிதிப்பலகையின் கயிற்றை அப்படியே விட்டுவிட்டு நெய்ய உட்காருவாரா? ஒன்றை உயர்த்தினால் அதனோடு பிணைந்த மற்றவற்றையும் திருத்தியாக வேண்டும். ஜீப்பும் அப்படிப்பட்டதே.

ஸ்டியரிங் பாக்ஸ் சேஸிஸோடு பொருத்தப்பட்டிருக்கிறது. முன்சக்கரங்களோ, ஸ்பிரிங் பட்டைகளின்மேல் ஏறியிறங்கும் அச்சில் இருக்கின்றன. இவ்விரண்டையும் இணைப்பது டிராக் லிங்க் என்னும் இரும்புத் தண்டு. அது ஏறக்குறையக் கிடைமட்டமாக இருக்கும்வரை, சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் திசை அதிகம் மாறுவதில்லை. சேஸிஸ் 4 அங்குலம் உயர்ந்துவிட்டால் அந்தத் தண்டு அதிகமாகச் சரிந்துவிடுகிறது. அதன்பின் ஒவ்வொரு குழியிலும் அச்சு ஏறியிறங்கும்போது, டிரைவர் சக்கரத்தைத் திருப்பாமலே வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். சமவெளியில் இது ஒரு தொல்லை. ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக, 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைச்சாலையில் இது உயிருக்கே அபாயம்.

இன்னொரு குறையும் உண்டு. சைக்கிளின் முன்பக்கக் கவை பின்னோக்கிச் சாய்ந்திருப்பது அது நேராக ஓட உதவுகிறது. ஜீப்பின் முன்சக்கரங்களைத் தாங்கும் கிங் பின்னுக்கும் அத்தகைய சாய்வு உண்டு. வில்லிஸ் வகைப் பழைய ஜீப்களில், செலவு குறைவு என்று முன்பக்க ஷேக்கிளை மட்டும் நீளமாக்கி உயர்த்துகிறவர்கள், அச்சு திரும்பி இந்தச் சாய்வு குறைந்துவிடுவதை நினைப்பதில்லை. வண்டி நேராக ஓடாமல் அலைபாயும். ஏற்கெனவே தேய்ந்த புஷ்களும் தளர்ந்த டை ராடு முனைகளும் இருக்குமானால், வேகமாகச் செல்லும்போது ஒரு குழியில் விழுந்த மாத்திரத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் பேயாட்டம் ஆடத் தொடங்கும். வண்டியை ஏறக்குறைய நிறுத்தினாலன்றி அந்த ஆட்டம் அடங்காது.

“அதற்கு ஒரு ஸ்டியரிங் டாம்பர் மாட்டினால் போதும்” என்று பட்டறைகளில் சொல்வார்கள். அது நோயை மறைக்கும் மருந்தே தவிர, தீர்க்கும் மருந்தன்று. “அமெரிக்காவில் இவ்வாறு உயர்த்தி ஓட்டுகிறார்களே” என்றும் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அங்கே இத்தொழிலை முறையாகச் செய்பவர்கள் உயரத்தோடு ஸ்டியரிங்கையும் சேர்த்தே திருத்துகிறார்கள். டிராக் லிங்க்கைக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவர, கீழே தாழ்ந்த பிட்மன் ஆர்ம் பொருத்துகிறார்கள். அல்லது தண்டைச் சக்கர முட்டியின் மேற்புறத்துக்கு மாற்றுகிறார்கள். ஸ்டியரிங் பாக்ஸ் நிற்கும் இடத்தில் சேஸிஸ் விரிசல் விடாதபடி முட்டுக் கொடுக்கிறார்கள். கிங் பின்னின் சாய்வை ஆப்புத் தகடு வைத்துச் சரிசெய்கிறார்கள். பிரேக் ஹோஸை நீளமாக்கி, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணத்தைத் திருத்தி, உயரத்துக்கேற்ற ஷாக் அப்சார்பர்களை மாட்டுகிறார்கள். அவற்றையெல்லாம் செய்யாமல் உயரத்தை மட்டும் வாங்குகிறவர், வீட்டுக்கு அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டுகிறவரே ஆவார்.

கவிழும் அபாயத்தையும் மறக்கலாகாது. இவ்வகை ஜீப்பின் இரு சக்கரங்களுக்கு இடையே அகலம் சுமார் 48 அங்குலம். கணக்குக்காக, பாரத்தின் மையம் தரையிலிருந்து 26 அங்குலத்தில் இருப்பதாகக் கொள்வோம். அது 30 அங்குலமானால், பக்கவாட்டில் கவிழாமல் நிற்கும் சக்தி சுமார் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். பழக்கூடைகளை மேலே அடுக்கி, அவற்றின்மேல் ஆட்களும் உட்கார்ந்துவந்தால் எஞ்சியதும் குறையும். இந்தப் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

சட்டத்தின் நிலையையும் அங்கத்தினர்கள் அறிய வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டம், விதிக்கு மாறாக வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம்வரை சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்க இடமளித்திருக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இதே கேள்வியைக் கேட்கும். தனியாள் ஒருவர் தம் சொத்தைப் பணயம் வைக்கலாம். சங்கத்தின் வண்டி ஆயிரம் பேருடைய பங்குப் பணம். அதில் ஏறுகிறவர்கள் நமது குடும்பத்தினர்.

ஆகவே நமது யோசனை இது. ஜீப்பை உயர்த்த வேண்டாம். அதற்கென்று ஒதுக்க நினைக்கும் தொகையை, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முதலில் செலவிடுவோம். படுத்துப்போன ஸ்பிரிங் பட்டைகளை எடுத்துவிட்டு, உற்பத்தியாளர் குறித்த அளவில் புதிய கட்டு மாட்டினாலே இழந்த உயரம் திரும்பிவிடும். மனுவில் கேட்டிருக்கும் உயரத்தில் ஒரு பகுதி இவ்வாறு இழந்த உயரமே என்பது நமது எண்ணம். ஷேக்கிள் புஷ், கிங் பின் பேரிங், டை ராடு முனைகள், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டு, யு போல்ட்டுகளை முறையாக முடுக்கி, ஸ்டியரிங் பாக்ஸின் ஆட்டத்தைச் சரிசெய்து, சக்கரங்களின் அமைப்பை அளந்து பார்க்க வேண்டும். டிஃபரன்ஷியலைக் கல்லினின்று காக்க அடியில் ஓர் உறுதியான இரும்புத் தகடு பொருத்துவதைப் பற்றி, அதற்குத் தடையுண்டா என்று போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துத் தீர்மானிக்கலாம்.

இவற்றோடு வாரம் ஒருமுறை டிரைவர் அரைமணி நேரம் வண்டியின் அடியில் படுத்துப் பார்க்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இருபுறமும் அசைக்க, மற்றொருவர் ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்தால், தளர்ச்சி இருக்கும் இடம் விரலுக்குத் தெரிந்துவிடும். “இன்று வண்டி இறங்கத் தகுதியாக இல்லை” என்று டிரைவர் சொன்னால், அன்று எவ்வளவு பழம் காத்திருந்தாலும் அதுவே முடிவாக இருக்க வேண்டும். அந்த அதிகாரத்தைப் பொதுக்கூட்டம் தீர்மானமாகவே அவருக்கு வழங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஜீப்பை இடிக்கும் கற்கள் எவை என்பதை மலைக்கிளை அங்கத்தினர்கள் நம்மைவிட நன்கு அறிவார்கள். மாதத்தில் ஒரு நாள் கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் பத்துப்பேர் சேர்ந்து புறப்பட்டால், வண்டியை 4 அங்குலம் உயர்த்துவதற்குப் பதிலாகப் பாதையிலுள்ள கல்லை 4 அங்குலம் தாழ்த்திவிடலாம். அந்த உயர்வு நமது ஜீப்புக்கு மட்டுமன்றி அவ்வழியே செல்லும் எல்லா வண்டிகளுக்கும் கிடைக்கும். கூட்டுறவு என்று நாம் சொல்லிவருவதும் அதைத்தானே? அங்கத்தினர்கள் நன்கு ஆலோசித்து முடிவு செய்வார்களாக.