எந்தக் கோழி?

'கோழி' என்ற சொல்லுக்குப் பொருள் என்னவென்று கேட்டால் நமது வீட்டுச் சிறுவர்கள்கூடச் சிரிப்பார்கள். ஆனால் 1960ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் ஒரு நீதிபதி இக்கேள்விக்கு விடைகாண அகராதிகளையும் அரசாங்க விதிகளையும் புரட்டிப் பார்த்து, வியாபாரிகளின் சாட்சியங்களையும் கேட்டுத் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

1957 மே 2ஆம் திகதி, பிரிகாலிமென்ற் என்னும் சுவிஸ் இறக்குமதி நிறுவனம், நியூயோர்க்கிலுள்ள ஓர் ஏற்றுமதி நிறுவனத்துடன் இரண்டு ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. உறைய வைத்த அமெரிக்கக் கோழி, முதல் தரம், அரசாங்கப் பரிசோதனைக்கு உட்பட்டது, குடல் நீக்கியது என்று விபரமாக எழுதப்பட்டிருந்தது. முதல் ஒப்பந்தப்படி, இரண்டரை முதல் மூன்று இறாத்தல் வரையான கோழிகளில் 75,000 இறாத்தல், இறாத்தல் 33 சதம். ஒன்றரை முதல் இரண்டு இறாத்தல் வரையான சிறிய கோழிகளில் 25,000 இறாத்தல், இறாத்தல் முப்பத்தாறரைச் சதம். நிறை இருந்தது, விலை இருந்தது, தரம் இருந்தது. கோழியின் வயது மாத்திரம் இருக்கவில்லை.

சரக்கு சுவிசை வந்தடைந்தபோது பெரிய கோழிகள், நெடுநேரம் அவித்தாலன்றி மெல்ல முடியாத முற்றிய கோழிகளாக இருக்கக் கண்டார்கள். (சுவிசிலும் ஜேர்மனியிலும் நம்மவர்கள் கறிக்கென்று தேடி வாங்கும் 'சுப்பன்கூன்' இதுதான். வாங்கியவர் தமிழராக இருந்திருந்தால் வழக்கே எழுந்திராது.) வாட்டவும் பொரிக்கவும் ஏற்ற இளங்கோழியையே கேட்டோம் என்றது சுவிஸ் நிறுவனம். கோழி கேட்டீர்கள், கோழி அனுப்பினோம் என்றது எதிர்த்தரப்பு. 'கோழி' என்ற சொல்லைத் தாம் கொண்ட குறுகிய பொருளிலேயே கொள்ள வேண்டும் என்பதை வாங்கியவர் நிரூபிக்கவில்லை என்று நீதிபதி ஹென்றி பிரெண்ட்லி தீர்ப்பளித்தார். சுவிஸ் நிறுவனம் தோற்றது.

சட்ட மாணவர்கள் படிக்கும் இவ்வழக்கை நாம் இங்கு எடுத்துரைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தந்திகள் பெரும்பாலும் ஜேர்மன் மொழியில் அனுப்பப்பட்டன. கோழி என்ற சொல் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. ஜேர்மன் மொழியின் 'கூன்' இளங்கோழியையும் முதிர்கோழியையும் ஒருங்கே குறிக்கும் என்பதனாலேயே, இளங்கோழியை மட்டும் குறிப்பதாகத் தாம் கருதிய ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தினோம் என்றனர் வாங்கியவர்கள். எவ்வளவு அவதானமான சிந்தனை! ஆயின் அச்சிந்தனை அவர்களுடைய மனத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

விற்றவரோ கோழி வியாபாரத்துக்குப் புதியவர். அவருடைய பிரதிநிதி, வாங்குவோரின் நியூயோர்க் முகவரிடம் எவ்வகைக் கோழி வேண்டும் என்று வினவினார். எவ்வகையாயினும் சரி என்ற பதில் வந்தது. அத்தோடு அவர் நிற்கவில்லை. தந்தியில் உள்ள சொல் 'கூன்' என்பதைக் குறிக்கிறதா என்று ஜேர்மன் மொழியிலேயே திருப்பிக் கேட்டார். ஆம் என்றார் முகவர். நீதிமன்றத்தில் இச்சாட்சியம் விற்றவருக்குத் துணையாக நின்றது. இன்னொன்றையும் நீதிபதி கருத்திற் கொண்டார். அன்று சந்தையில் இளங்கோழியின் விலை இறாத்தல் 35 முதல் 37 சதம். இதனை 33 சதத்துக்கு ஒருவர் நட்டப்பட்டுத் தருவாரா என்று வாங்கியவர் தம்மைத்தாமேகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். பாரிசின் புறநகர் ஒன்றில் நமது நண்பர் ஒருவர் மளிகைக் கடையொன்றைக் குத்தகைக்கு எடுத்தார். கையெழுத்திடுமுன் அவர் கேட்ட கேள்வி ஒன்றே: "வாடகையோடு எல்லாம் சேர்ந்ததுதானே?" முகவர் முகமலர்ச்சியோடு ஆம் என்றார். இலையுதிர்காலத்தில் 'தக்ஸ் பொன்சியேர்' எனப்படும் நிலவரியைக் கட்டும்படி கட்டட உரிமையாளரிடமிருந்து கடிதம் வந்தது. ஏறத்தாழ இரண்டு மாத வாடகைக்கு ஒப்பான தொகை. உரிமையாளர் மீது விதிக்கப்படும் அவ்வரியை, குத்தகைப் பத்திரத்தில் எழுதியிருந்தால் கடைக்காரரிடம் அறவிடலாம். எழுதித்தான் இருந்தது. நண்பர் முகவரைப் பொய்யர் என்று ஏசினார். பத்திரத்தையும் கேள்வியையும் சேர்த்துப் பார்த்த நமக்கோ அவ்வாறு தோன்றவில்லை. 'எல்லாம்' என்று நண்பர் நினைத்தது ஒன்று, முகவர் நினைத்தது வேறொன்று. எவ்வெவ்வரி, ஆண்டுக்கு எவ்வளவு, எம்மாதத்தில், பத்திரத்தின் எப்பிரிவின்படி என்று கேட்டிருந்தால் 'ஆம்' என்பது விடையாகவே இருந்திராது.

'தானே' என்று முடியும் நமது கேள்விகளைப் பற்றித் தனியே எழுதலாம். அவை கேள்விகளே அல்ல. நாம் விரும்பும் விடையை எதிராளியின் வாயில் வைத்துவிட்டு, அவர் தலையசைக்கும் வரை காத்திருக்கிறோம். மரியாதையுள்ள மனிதர் தலையசைத்துவிடுவார். 1990 ஜனவரி 25ஆம் திகதி கொலம்பியாவிலிருந்து நியூயோர்க் வந்த அவியாங்கா விமானம் ஒன்று, காலநிலை காரணமாக ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் காத்திருக்க வைக்கப்பட்டு, இறங்கும் முதல் முயற்சியிலும் தவறியது. அதனைச் சுற்றுவழியில் திருப்பி அழைத்துவரவிருந்த கட்டுப்பாட்டாளர், உங்களுக்கும் எரிபொருளுக்கும் இது சரிதானா என்ற பொருள்படக் கேட்டார். துணைவிமானி, சரியென நினைக்கிறேன் என்று நன்றியும் சேர்த்துப் பதில் கூறினார். சற்று நேரத்தில் எரிபொருள் தீர்ந்து விமானம் லோங் ஐலண்டில் வீழ்ந்தது. இருந்த 158 பேரில் 73 பேர் மாண்டனர். அவசரநிலை என்ற சொல்லை ஒருமுறையேனும் உச்சரிக்காத விமானிகளையே விசாரணை பெரிதும் குறைகூறியது, அது நியாயமே. எனினும், இன்னும் எத்தனை நிமிடத்துக்கு எரிபொருள் இருக்கிறது என்று அவ்வேளையில் கேட்கப்பட்டிருந்தால், நன்றி சொல்லி நழுவ இடமிருந்திருக்காது.

நம்மவர்கள் ஏன் கேட்பதில்லை? கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்கள் என்பது வெளிக்காரணம். உட்காரணம் வேறென்று நாம் கருதுகிறோம். நமது வாழ்வில் கேள்வி என்பது எப்போதும் நம்மை நோக்கியே வந்தது. சோதனைச் சாவடியில் எங்கே போகிறாய் என்றார்கள். அகதி விண்ணப்ப விசாரணையில் எந்தத் திகதியில், எந்த வழியால் என்றார்கள். விடை பிசகினால் என்ன நேரும் என்பதை அறிந்தவர்கள் நாம். கேட்பவர் அதிகாரி, பதிலளிப்பவர் அகதி என்ற பாடம் உடம்பில் ஊறிவிட்டது. வங்கியில் கடன் கேட்டு அமரும்போதும், பணம் கொடுத்துப் பொருள் வாங்கும்போதும்கூட நாம் பதில் சொல்லும் நாற்காலியிலேயே போய் அமர்ந்துகொள்கிறோம்.

நமது வகுப்பறைகளுக்கும் இதில் பங்குண்டு. பல்கலைக்கழகத்தில் விரிவுரை முடிவில் "விளங்கியதா?" என்று நாமும் கேட்டதுண்டு. தலைகள் அசையும், நாம் அடுத்த பாடத்துக்குப் போவோம். விடைத்தாள்களைத் திருத்தும்போதுதான் பாதிப்பேருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது நமக்கு விளங்கும்.

இத்தனைக்கும் வினாவைப் பற்றி நம்மைப்போல் எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை அறுவகையாகப் பகுத்தார். கடையில் சென்று பொருள் உண்டா என்பது கொளல் வினா. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று துணியக் கேட்பது ஐய வினா. நமது வர்த்தகர்கள் கொளல் வினாவில் வல்லவர்கள். என்ன விலை, எத்தனை பெட்டி, எப்போது வரும் என்பதெல்லாம் தடையின்றி வரும். நியூயோர்க் வியாபாரி கேட்ட இரண்டாவது கேள்வி ஐய வினா. அதுதான் நம்மிடம் அருகிவிட்டது.

நமக்குள்ளேயே செய்துகொள்ளும் பங்கு வியாபாரங்களில் இக்குறை இன்னும் கொடியது. மைத்துனனும் மைத்துனனும் சேர்ந்து கடை திறப்பார்கள். இலாபத்தில் பாதிப் பாதி என்பதோடு பேச்சு முடிந்துவிடும். காலை முதல் இரவு வரை கடையில் நிற்பவருக்குச் சம்பளம் உண்டா, அது இலாபம் கணிக்குமுன் கழிக்கப்படுமா, பின்னரா, நட்டம் வந்தால் யார் எவ்வளவு போடுவது என்று கேட்டால் "என்னில் நம்பிக்கை இல்லையோ?" என்ற பதில் வரும். மூன்றாம் ஆண்டில் இருவரும் ஒரே மண்டபத்துத் திருமணத்துக்கு வரமாட்டார்கள். இப்படி முறிந்த உறவுகளை நாம் மட்டுமல்ல, இதை வாசிப்பவர் ஒவ்வொருவரும் அறிவர்.

பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர்களாக அழைத்துச் செல்வதையும் இங்கு குறிப்பிட வேண்டும். பன்னிரண்டு வயதுச் சிறுமி, தந்தையின் நீண்ட கேள்வியைச் சுருக்கி, வங்கி முகாமையாளரின் நீண்ட பதிலையும் சுருக்கி, "ஓமாம் அப்பா" என்கிறாள். அவளைக் குறைகூற முடியாது. கேள்விகளை முதல் நாளிரவே தாளில் எழுதி அவளிடம் கொடுத்தால், அவள் சுருக்குவதற்கு ஒன்றும் இராது. பதில்களும் அதே தாளில் எண்ணாகவும் திகதியாகவும் வந்து விழும்.

அதிகம் கேட்டால் கடை வேறொருவருக்குப் போய்விடும் என்று அஞ்சுவோர் உளர். போகலாம், போனதும் உண்டு. வாடகைக் கடைகளுக்குத் தட்டுப்பாடான தெருக்களில் இந்த அச்சம் பொய்யானதன்று. அப்போதும் இழப்பது ஒரு கடையைத்தான். பத்திரத்தை வாசியாமல் கையெழுத்திட்டவர்கள் கடையோடு சேமிப்பையும், பிணை நின்ற உறவினரின் சேமிப்பையும் இழந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

மேற்சொன்ன நண்பர் சென்ற ஆண்டு இரண்டாவது கடையொன்றைப் பார்த்தார். இம்முறை ஏழு கேள்விகளை எழுதி எடுத்துச் சென்றார். நிலவரி யாருடையது, சென்ற ஆண்டு எவ்வளவு, கூரை ஒழுகினால் திருத்துவது யார், மூன்றாம் ஆண்டு முடிவில் வெளியேறுவதாயின் எத்தனை மாதம் முன்னர் எவ்வாறு அறிவிப்பது என்றவாறு அவை இருந்தன. முகவர் ஐந்துக்கு உடனே விடையளித்தார். மற்ற இரண்டையும் உரிமையாளரிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார். பதில் எழுத்தில் வந்துசேரப் பதினொரு நாட்கள் சென்றன. அதுவரை நண்பர் பேனாவைத் தொடவில்லை.