விலை கூடிய ரவுட்டர் வேகம் தராது

விலை கூடிய ரவுட்டரை வாங்கி அதிலேயே விபிஎன் எனும் மறையாக்க இணைப்பைப் போட்டுவிட்டால் படமும் தடையின்றி ஓடும், பாதுகாப்பும் வந்துவிடும் என்கிறார்கள். பட்டாசுக் கூலியை நம்பியிருக்கும் சிவகாசிக் குடும்பங்களுக்கு இது வீண்செலவு வைக்கும் யோசனை. 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே விநாடிக்கு 15 மெகாபிட்தான். பெட்டியில் அச்சிட்ட ஆயிரக்கணக்கான மெகாபிட், எல்லா அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டிய தொகை. ஒரு டிவிக்கு அது கிடைக்காது. படம் திக்குவது பெரும்பாலும் சுவராலும் நெரிசலாலும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. வீடுகள் ஒட்டி நிற்கும் தெருவில் எல்லாரும் அவற்றையே பங்கிட வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் கான்கிரீட்டைத் தாண்டத் திணறும். நடுக்கூடத்தில் வைத்த சாதாரண இரட்டை அலைவரிசை ரவுட்டரே போதும். டிவிக்கு லேன் கேபிள் இழுத்தால் இன்னும் நல்லது.

அச்சகத்தின் வடிவமைப்புக் கோப்புகளை வீட்டிலிருந்து அனுப்புவோருக்கு விபிஎன் வேண்டாமா என்று கேட்பது நியாயமே. அதற்குத் தேவை ஆன்டெனா எண்ணிக்கை அல்ல, செயலியின் (பிராசசர்) வலு. மறையாக்கத்தை ரவுட்டரின் சிறிய செயலியே செய்வதால் ஓபன்விபிஎன் நெறிமுறையில் வேகம் வெகுவாகச் சரியும். 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கர்னலில் சேர்ந்த வயர்கார்டு நெறிமுறை அதே செயலியில் பொதுவாகக் கூடுதல் வேகம் தரும். வேலைக் கணினியில் மட்டும் விபிஎன் போட்டால் டிவி நேர்வழியில் போகும். மேலும், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டதும் எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் ஆகியவை இந்தியாவிலிருந்த சர்வர்களை அகற்றின. வெளிநாட்டு சர்வரின் தூரம் கூட்டும் தாமதத்தை எந்த ரவுட்டராலும் குறைக்க முடியாது.