பல்லு மஞ்சள் எண்டால் பல்லுத் தீட்டாத பிள்ளையோ?

ஒரு பிள்ளையின்ர முன்பல்லு மஞ்சளாகவோ மண்ணிறமாகவோ இருந்தால் எங்கட ஊரில் மூண்டு தீர்ப்பு உடனே வந்துவிடும். ஒண்டு, பிள்ளை பல்லுத் தீட்டுறேல்லை. இரண்டு, தாய் கண்டபாட்டுக்கு ரொபி வாங்கிக் குடுக்கிறா. மூண்டு, தண்ணி சரியில்லை. முதல் தீர்ப்பில் பிள்ளைக்கு வெக்கம், இரண்டாவதில் தாய்க்கு, மூண்டாவதில் கிணத்துக்குக் கெட்ட பேர். சில நேரம் இவை சரியாகவும் இருக்கலாம். ஆனால் நாலாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. இந்தப் பிள்ளை தின்னுற சாப்பாடு அதின்ர உடம்பில் சேருதா? அதை அநேகமாக ஒருவரும் கேட்பதில்லை.

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளையள். வைத்தியம் சொல்ல வரேல்லை. ஆனால் ஒரு பிள்ளையின் வாயைப் பார்த்து ஊர் என்ன கதைக்குது எண்டது எங்கட பாடமும்தான்.

தண்ணியில் இருந்தே தொடங்குவம். பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தியும் அல்லைப்பிட்டியும் கழிய வருவது மண்கும்பான். தீவுப்பகுதி எண்டாலே உவர்த்தண்ணி எண்டு பேர். மண்கும்பானிலோ, பேருக்கேற்ற மாதிரி மணல் கும்பி கும்பியாகக் கிடந்து மழைத்தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கும். நல்லதண்ணிக்குப் பேர் போன ஊர். அப்பிடிப்பட்ட ஊரிலும் ஒரு பிள்ளையின் பல்லுக்காகத் தண்ணியில் பழியைப் போடுறது லேசு.

தண்ணியால் பல்லுப் பழுதாகும் எண்டது பொய்யில்லை. வடமத்திய மாகாணத்தில், அனுராதபுரப் பக்கம், நிலத்தடி நீரில் புளோரைட் கூட. அங்கே கனபேரின் பல்லில் வெள்ளைத் திட்டும் மண்ணிறக் கறையும் இருக்கு. ஆனால் பிழை கிணத்தில் எண்டால், அந்தக் கிணத்தில் குடிச்சு வளர்ந்த மற்றப் பிள்ளையளின் பல்லிலும் அது தெரிய வேணும். ஒரு வீட்டில் மூண்டு பிள்ளையும் ஒரே தண்ணியைக் குடிச்சு, ஒராளுக்கு மட்டும் பல்லுக் குழி விழுந்து நிறம் மாறியிருந்தால், கேள்வியைக் கிணத்தடியில் இருந்து கொஞ்சம் நகர்த்த வேணும். அந்தப் பிள்ளை முதல் ஐஞ்சாறு வருஷம் எங்கே வளர்ந்தது எண்டும் கேட்க வேணும். ஏனெண்டால் பல்லைப் பழுதாக்கிறது இப்ப குடிக்கிற தண்ணியில்லை, பல்லு உருவாகேக்க நடந்தது.

பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் மிளிரி எண்டு படிச்சிருப்பீங்கள். பல்லின் வெளி ஓடு அதுதான். உடம்பிலேயே ஆகக் கடினமான பொருள். ஆனால் அதுக்கு ஒரு பலவீனம் இருக்கு. எலும்பு முறிஞ்சால் பொருந்தும், தோல் கிழிஞ்சால் ஆறும், மிளிரி மட்டும் திரும்ப வளராது. அதைச் செய்யிற கலங்கள் பல்லு முளைக்கிறதோட இல்லாமல் போயிடும். ஆறு ஏழு வயதில் முளைக்கிற நிரந்தர முன்பல்லுக்கும் முதல் கடைவாய்ப் பல்லுக்கும் மிளிரி வேலை நடக்கிறது பிறந்ததில் இருந்து நாலைஞ்சு வயதுக்குள்ள. ஆகவே இரண்டாம் வகுப்புப் பிள்ளை சிரிக்கேக்க நாங்கள் பார்க்கிறது இண்டைக்குக் காலமை அது பல்லுத் தீட்டினதா இல்லையா எண்டதை மட்டுமில்லை. அதின்ர குழந்தைப் பருவம் எப்பிடிப் போனது எண்டதையும்தான்.

அந்தக் காலத்தில் பிள்ளைக்குச் சீலியாக் நோய் இருந்திருந்தால், அதுவும் பல்லில் பதிஞ்சிருக்கும். கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் குளூட்டன் எண்டு ஒரு புரதம் இருக்கு. சில பேரின் உடம்பு அதை எதிரி எண்டு நினைச்சு, தன்ர சிறுகுடலின் சடைமுளைகளையே தாக்கும். சடைமுளை தேய்ஞ்சால் கல்சியம், இரும்பு, விற்றமின் டி ஒண்டும் ஒழுங்காக உறிஞ்சுப்படாது. உறிஞ்சல் குறைவு மட்டும்தான் காரணம் எண்டுமில்லை. 2023இல் நேச்சர் சஞ்சிகையில் வந்த ஒரு ஆய்வு, சீலியாக் உள்ள கனபேரின் இரத்தத்தில் மிளிரியை உருவாக்கும் புரதங்களுக்கே எதிரான பிறபொருளெதிரிகள் இருப்பதைக் காட்டியது. இப்பிடிப் பழுதாகிற பல்லை எவ்வளவு தீட்டினாலும் நிறம் மாறாது. இடது பக்கத்துப் பல்லும் வலது பக்கத்துப் பல்லும் சோடியாக, வெள்ளை, மஞ்சள், மண்ணிறத் திட்டுக்களோட, சில நேரம் வரிவரியாகவோ குழிகுழியாகவோ இருக்கும். சில பிள்ளையளுக்கு வயிற்றோட்டம், வயிறு ஊதல் ஒண்டும் இருக்காது. பல்லு ஒண்டுதான் வெளியில் தெரியும் அடையாளம்.

"அது பாண் தின்னுற வெள்ளைக்காரற்ர வருத்தம், சோறு தின்னுற எங்களுக்கு ஏன்?" எண்டு கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தியாவில் 23,331 பெரியவர்களைச் சோதித்து 2016இல் வெளிவந்த ஒரு ஆய்வு இதுக்குப் பதில் சொல்லுது. இரத்தத்தில் சீலியாக் பிறபொருளெதிரி இருந்தவர்கள் வடக்கில் 1.23%, வடகிழக்கில் 0.87%, தெற்கில், அதாவது தமிழ்நாட்டில், 0.10%. ஆயிரத்தில் ஒராள். சரி, எங்களுக்குக் குறைவுதான் எண்டு நிம்மதியாக எழும்பிப் போக முன்னம் அதே ஆய்வின் மற்றப் பாதியையும் பாருங்கோ. இந்த நோய்க்கு இடம் குடுக்கிற பரம்பரையலகு மூண்டு பகுதியிலும் ஏறத்தாழ மூண்டில் ஒரு பங்கு ஆக்களுக்கு இருந்தது. பெருசாக வித்தியாசப்பட்டது கோதுமை. வடக்கில் ஒரு நாளைக்கு 455 கிராம், தெற்கில் 25 கிராம்.

இனி எங்கட குசினிக்குள்ள வாங்கோ. காலமை பாண். பின்னேரம் தேத்தண்ணியோட ரஸ்க், பிஸ்கட். இரவு அவிச்ச கோதுமை மாவில் புட்டு, இல்லாட்டி இடியப்பம், ரொட்டி. றோட்டுக் கடையில் கொத்து. பருத்தித்துறை வடையிலும் கோதுமை மா. பல்லு முளைக்காத குழந்தைக்குப் பிஸ்கட்டைக் கரைச்சுத் தீத்துற வீடுகளும் இருக்கு. இந்த நாட்டில் கோதுமை விளையிறேல்லை. கப்பலில் வந்து, திருகோணமலையில் பிறீமா ஆலையில் அரைபட்டு, யுத்த காலத்தில் நிவாரண மாவாகவும் வந்து எங்கட சாப்பாடாகிவிட்டது. மாவை அவிச்சால் குளூட்டன் போகாது. சோறு தின்னுற சனம் எண்டு எங்களை நாங்களே சொல்லிக்கொண்டு, மூண்டு நேரத்தில் இரண்டு நேரம் மா தின்னுறம்.

இதை வாசிச்சுப் போட்டுப் பல்லுக் கறையுள்ள பிள்ளை எல்லாத்துக்கும் சீலியாக் எண்டு ஒருவரும் ஓட வேண்டாம். சூத்தை, இரும்புச்சத்துப் பாணிக் கறை, குழந்தையில் வந்த கடுங்காய்ச்சல், புளோரைட் எல்லாம் இதைவிடக் கூடுதலாகக் காணப்படுற காரணங்கள். நாங்கள் சொல்லுறது ஒண்டுதான்: அருமையான நோய் எண்டது தேடாமல் விடுறதுக்குக் காரணம் ஆகாது. சோடியாகப் பல்லுப் பழுது, அதோட பிள்ளை வயசுக்கு வளரேல்லை, இரும்புச்சத்து மருந்து குடுத்தும் இரத்தச்சோகை மாறேல்லை, அடிக்கடி வாய்ப்புண், நாள்பட்ட வயிற்றுக் குழப்பம், வீட்டில் வேற ஒராளுக்குச் சீலியாக், இதில் ஏதாவது சேர்ந்திருந்தால் வைத்தியரிட்ட வாய் திறந்து கேளுங்கோ. முதல் படி ஒரு இரத்தச் சோதனைதான். ஒரு முக்கியமான விஷயம், சோதனைக்கு முன்னம் நீங்களாகவே கோதுமையை நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டினால் பிறபொருளெதிரி குறைஞ்சு, நோய் இருந்தும் இல்லையெண்டு முடிவு வரலாம்.

இதில் அவசரமும் இருக்கு. பழுதான மிளிரியைச் சாப்பாட்டை மாத்தித் திருப்பி எடுக்க ஏலாது. பல் வைத்தியர் மேல்பூச்சுப் போட்டு மறைக்கலாம். ஆனால் முரசுக்குள்ள இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிற பல்லைக் காப்பாத்தலாம். பிள்ளையின் உயரத்தையும் எலும்பையும் காப்பாத்தலாம். மூண்டு வயதில் கண்டுபிடிக்கிறதுக்கும் பதின்மூண்டில் கண்டுபிடிக்கிறதுக்கும் வித்தியாசம் அதுதான்.

கண்டுபிடிச்சால் கோதுமையை வாழ்நாள் முழுக்க விட வேணும். அது லேசில்லை. மோதகத்துக்கு அரிசிமாவோட கோதுமை மா கலக்கிற வீடு இருக்கு, பிறந்தநாளுக்குக் கேக் இருக்கு, பள்ளிக்கூடக் கன்ரீனில் றோல்ஸ் இருக்கு. ஆனால் தீவுப்பகுதியில் இருக்கிற பிள்ளை பட்டினி கிடக்கத் தேவையில்லை. சோறு, மீன், அரிசிமாப் புட்டு, குரக்கன், ஒடியல் கூழ், ஒண்டிலும் குளூட்டன் இல்லை. மா அரைக்கிற இடத்திலும் சட்டியிலும் கோதுமை கலக்காமல் பார்த்தால் சரி.

இலங்கைப் பாடசாலைகளில் 1, 4, 7, 10ஆம் தரங்களில் மருத்துவப் பரிசோதனை நடக்குது. நிறையும் உயரமும் எடுக்கினம், பல்லும் பார்க்கினம். பல்லு ஒரு பத்தியில், வளர்ச்சி இன்னொரு பத்தியில் எழுதுப்படுது. அந்த இரண்டு பத்தியையும் சேர்த்து வாசிச்சு, தேவையான பிள்ளையை மேலே அனுப்புங்கோ எண்டுதான் நாங்கள் கேட்கிறம். புதுக் கட்டடமோ மெசினோ கேட்கேல்லை.

ஆசிரியர்மாரிட்டயும் ஒண்டு கேட்கிறம். காலமைப் பிரார்த்தனை வரிசையில் வைச்சு "ஈ காட்டு" எண்டு பல்லுப் பார்க்கிற பழக்கத்தை விடுங்கோ. எங்கட பட்ச்சிலேயே படம் எடுக்கேக்க வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற ஆக்கள் இருக்கினம். அவையளுக்கு என்ன வருத்தம் எண்டு எங்களுக்குத் தெரியாது, அவையளிட்டயும் ஒருவரும் கேட்டதில்லை. "பல்லுத் தீட்டுறேல்லையோ" எண்டு மட்டும் கன தரம் கேட்டிருக்கினம்.